மீசைக்கும் மணிக்கட்டுக்கும் சம்பந்தமில்லை

எக்ஸ்ரே அக்காவின் உயரம் நாலடி பத்து அங்குலம். செருப்போடு அளந்தால் நாலடி பதினொன்று வரும் என்பதால் அவள் எங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டு அளவு கொடுத்ததில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், நீண்ட நடைபாதையின் கடைசி அறை அவளுடையது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு, உள்ளே எக்ஸ்ரே மெஷின், அதற்குப் பக்கத்தில் ஒரு மர முக்காலி. நெட்டையான ஆள் யாராவது நெஞ்சுப் படத்துக்கு வந்தால் அக்கா முக்காலியில் ஏறித்தான் மெஷினின் தலையைத் தூக்க வேண்டும். ஏறி, தூக்கி, இறங்கி, தடுப்புக்குப் பின்னால் ஓடி, "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடுங்க" என்பாள். இருபத்தாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி அது நாக்கில் ஊறிவிட்டது. சொந்தக்காரர் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுத்தபோது பழக்கதோஷத்தில் அவள் "மூச்சைப் பிடிங்க" என்று குரல் கொடுத்துவிட்டாள். அந்தப் படத்தில் பதினேழு பேரும் தண்ணீருக்கடியில் நிற்பதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கிறார்கள்.

இந்த வேலைக்கு அவள் வந்ததே உயரத்தால்தான். பதினேழு வயதில், வளர்ந்தே தீருவது என்று முடிவுகட்டி, வீட்டில் இரண்டு அறைக்கும் நடுவே திரை போட்டிருந்த இரும்புக் கம்பியில் தினமும் காலையில் கால் மணி நேரம் தொங்குவாள். அப்போது ஒன்பது வயதான தம்பி கீழே உட்கார்ந்து அவள் கால்களைப் பிடித்து இழுப்பான். அதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. பலன் தெரிகிறதா என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டுப் பார்ப்பாள். காலையில் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கும். சாயங்காலம் பார்த்தால், அதே சுவர், அதே பென்சில், அந்த ஒரு சென்டிமீட்டரைக் காணவில்லை. முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி தட்டுகள் இருக்கின்றன, படுத்துக் கிடக்கையில் அவை ஊறி உப்பும், நின்று நடக்கையில் அமுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அப்போது தெரியாது. தம்பிதான் கோட்டை மாற்றிப் போடுகிறான் என்று நினைத்து அவனை இரண்டு தடவை அடித்திருக்கிறாள்.

ஒருநாள் கம்பி சுவரோடு பெயர்ந்து வந்தது. அக்கா தம்பியின் மேல் விழுந்தாள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்கு மணிக்கட்டு வீங்கியது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், "உடையல, சுளுக்குதான். எதுக்கும்மா தொங்குன?" என்று கேட்டார். சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "வளர்ற இடமெல்லாம் மூடியாச்சு. இனிமே விமானத்துலயே தொங்கினாலும் ஒண்ணும் நடக்காது" என்றார்.

எந்த இடம், எங்கே மூடியது என்று அவள் விடாமல் கேட்டாள். டாக்டரும் பொறுமையாக, வேறொரு குழந்தையின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நீள எலும்பு ஒவ்வொன்றின் நுனிக்குப் பக்கத்திலும் குழந்தைகளுக்குக் குருத்தெலும்பு ஒரு பட்டையாக இருக்கும். காதுமடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே, அந்த மாதிரி வளைகிற சரக்கு. எக்ஸ்ரேயில் அது விழாது. அதனால் எலும்புக்கும் அதன் மூடிக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளிதான் தெரியும். ஒரு பக்கம் அது வளர்ந்துகொண்டே போகும், மறுபக்கம் எலும்பாக மாறிக்கொண்டே வரும். ஆள் உயர்வது இப்படித்தான். ஒருநாள் மாற வேண்டியதெல்லாம் மாறி முடிந்து, இடைவெளி போய், மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் மிஞ்சும்.

அக்கா ஒருநாள் பூரா அழுதாள். மறுநாள், அந்தப் படம் எடுக்கும் படிப்பு எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று விசாரிக்கப் போய்விட்டாள். பிற்பாடு ஆறடி உயரமுள்ள லிஃப்ட் மெக்கானிக் ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள். மேல் அலமாரிக்கு ஆள் கிடைத்தாயிற்று, அதோடு உயரப் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொன்னாள்.

காலைப் பிடித்து இழுத்த தம்பி வளர்ந்து கால்பந்துப் பைத்தியம் ஆனான். பகலில் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை. காலையும் மாலையும் நகராட்சி மைதானத்தில் பையன்களுக்குப் பயிற்சி. ஊரில் அவனைக் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது முப்பத்தெட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் அக்கா வீட்டுக்கு வந்து, கேட்காமலே துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தான். அக்காவுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

"அக்கா, ஒரு சின்ன உதவி."

"சின்ன உதவின்னு நீ ஆரம்பிச்சது எதுவும் இதுவரைக்கும் சின்னதா இருந்ததில்ல. சொல்லு."

பதினாறு வயதுக்கு உட்பட்டோர் போட்டி வருகிறது. இந்த வருடம் ஒரு புது நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஆடுகிற ஒவ்வொரு பையனும் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் எழுதித் தரும் ரிப்போர்ட்டோடு வர வேண்டும். போன வருடம் கோப்பை வென்ற அணியின் கேப்டன், பரிசு வாங்க மேடை ஏறும்போது சந்தோஷத்தில் தன் குழந்தையையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டதுதான் காரணம்.

"சரிதானே? நல்ல நிபந்தனை" என்றாள் அக்கா.

"நல்ல நிபந்தனைதான். ஆனா எங்கிட்ட மீசை இருக்கானே."

மீசை என்பது அவனுடைய கோல்கீப்பர். அக்கா அவனை மைதானத்தில் பார்த்திருக்கிறாள். ஐந்தடி பதினோரு அங்குலம், முறம் மாதிரி கை, மூக்குக்குக் கீழே வஞ்சனையில்லாத கறுப்பு மீசை. பஸ்ஸில் அவனுக்குப் பெரியவர்களே நகர்ந்து இடம் விடுவார்கள். எதிரணிப் பையன்கள் அவனை 'மாமா' என்று கூப்பிட்டு வெறுப்பேற்றுவார்கள்.

"சர்டிபிகேட் பாத்தியா?"

"பாத்தேன். சர்டிபிகேட்ல பதினாலுன்னு இருக்கு. மூஞ்சில முப்பதுன்னு இருக்கு. நான் எதை நம்பறது?" தம்பி ஒரு துண்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். "அவன் இல்லன்னா வலைக்கு முன்னாடி சைக்கிளைத்தான் நிறுத்தணும். அதனால... அவன் படத்தை மட்டும் கொஞ்சம் மங்கலா எடுத்துடேன். அசைஞ்சுட்டான்னு சொல்லிக்கலாம்."

"அசைஞ்சா திரும்ப எடுப்பேன்."

"திரும்பவும் அசைவான்."

"நீ துணியை வச்சுட்டுக் கிளம்பு."

அவன் கிளம்பினான். அரை மணி நேரத்தில் அம்மா போனில் வந்தாள். "ஒரே வயித்துல பொறந்தவனுக்கு ஒரு படம் மங்கலா எடுத்துத் தரக் கூடாதா? அப்படி என்ன ஊர்ல இல்லாத படம்? என் முழங்காலை நீ எடுத்த படம்கூட மங்கலாத்தான் இருந்துச்சு."

"அம்மா, படம் தெளிவாத்தான் இருந்துச்சு. உன் முழங்கால்தான் அப்படி."

அம்மா போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பதினாலு பையன்களும் நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தம்பி அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பெயர்ப் பட்டியலை நீட்டினான். ஒவ்வொருவனாக உள்ளே வந்து இடது கையைப் பலகையில் விரித்து வைத்தான். அக்கா ஈய அங்கியை மாட்டிவிட்டு, விரல்களைச் சரிசெய்து, தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒவ்வொரு கையும் வந்து நின்றது. மணிக்கட்டில் கூழாங்கல் மாதிரி எட்டுச் சின்ன எலும்புகள். பிறந்த குழந்தையைப் படம் எடுத்தால் அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது. எல்லாம் குருத்தாகக் கிடந்து, ஒவ்வொன்றாக வருடக்கணக்கில் எலும்பாகித் தலைகாட்டும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு, சொல்லி வைத்தமாதிரி வரிசையாக வருகிறதே என்று ஆச்சரியமாக இருக்கும். இந்தப் பையன்களுக்கு அது எட்டும் வந்துவிட்டது. முன்கை எலும்பின் நுனியில் மட்டும் அந்தக் கறுப்பு இடைவெளி, ஒருவனுக்கு அகலமாக, ஒருவனுக்குக் குறுகலாக.

மீசை ஒன்பதாவதாக வந்தான். அவன் கையை விரித்ததும் பலகையில் இடம் போதவில்லை.

"அக்கா, வலிக்குமா?" என்று கேட்டான். குரல் பாதி கிணற்றிலிருந்தும் பாதி புல்லாங்குழலிலிருந்தும் வந்தது.

"படம் எடுக்கறதுல என்னடா வலி?"

"ஊசி ஏதாவது..."

"ஊசி இல்ல."

அவன் பெருமூச்சு விட்டதில் மேஜைமேல் இருந்த காகிதம் பறந்தது. அக்கா பொத்தானை அழுத்தினாள். திரையில் அவன் கை வந்தது. முன்கை நுனியில் இடைவெளி, மூடாமல், கறுப்பாக, ஆணித்தரமாக இருந்தது. மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறுகல்தான். ஆனால் திறந்திருக்கிறது. இவன் இன்னும் வளரப் போகிறான்! அக்கா தன்னையறியாமல் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

பதினோராவதாக வந்தவன் சுண்டு. சுண்டுவிரல் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். தலை மேஜைக்குச் சற்று மேலே தெரிந்தது. அணியில் எல்லோரையும்விட வேகம் அவன்தான். எதிரணிக்காரன் கால்களுக்கு நடுவே பந்தைத் தட்டிவிட்டுத் தானும் அதே வழியில் போய்விடுவான் என்று தம்பி பெருமையடிப்பான். சாவி போடும் கடையில் அப்பாவுக்கு உதவியாக இருக்கிறானாம். கை அவ்வளவு சின்னது. அக்கா பொத்தானை அழுத்தித் திரையைப் பார்த்தாள்.

இடைவெளி இல்லை.

இடைவெளி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அதுவும் பாதி அழிந்துகொண்டிருந்தது. பெயர் மாற்றிப் பதிந்துவிட்டோமா? மீசையின் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கே, திரை கொள்ளாத கை, திறந்த எலும்பு. இங்கே, பொம்மைக்குச் செய்ததுபோல் கை, மூடிய எலும்பு. மாற வழியே இல்லை.

சுண்டு அங்கியைக் கழற்றவில்லை. முழங்காலுக்குக் கீழே தொங்கிய அந்த அங்கியோடு நின்று, "மூடிடுச்சா அக்கா?" என்று கேட்டான்.

"ரிப்போர்ட்டை டாக்டர்தான் சொல்லணும்."

"தெரியும். மூடிடுச்சான்னு மட்டும் சொல்லுங்க."

அக்கா அவனை உற்றுப் பார்த்தாள். இதுவரை பார்க்காத ஒன்று இப்போது தெரிந்தது. தாடையில் மழித்த தடம்.

"உனக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது. சர்டிபிகேட் என் தம்பியோடது. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம், கால்பந்துன்னாலே பிடிக்காது. கடை என்னோடது அக்கா. அப்பா வர்றதே இல்ல. வர்றவங்க எல்லாம் 'பெரியவங்க யாரும் இல்லையா'ன்னு கேட்டுட்டுத் திரும்பிப் போயிடறாங்க. பெரிய பசங்க டீம்ல சேரப் போனேன். பந்து பொறுக்கிப் போட வந்திருக்கேன்னு நினைச்சுட்டாங்க. கோச் ஒருத்தர்தான் வயசு கேக்கறதுக்கு முன்னாடி ஆடச் சொன்னார்."

"எக்ஸ்ரே எடுத்தா மாட்டிப்பேன்னு தெரியும்ல? அப்புறம் ஏன்டா வந்த?"

சுண்டு அங்கியின் நாடாவைத் திருகினான். "தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். நானா வந்து, 'நான் இன்னும் வளருவேனா, ஒரு படம் எடுத்துப் பாருங்க'ன்னு கேட்டா யாரு எடுப்பாங்க? கோச் எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதும், சரி, இதான் சமயம்னு வந்துட்டேன்."

அக்கா திரையை அவன் பக்கம் திருப்பினாள். "மூடிடுச்சு" என்றாள்.

"ரொம்ப நாளாச்சா?" கடை எப்போது சாத்தினார்கள் என்று கேட்பதுபோல் கேட்டான்.

"கோடே மங்கிட்டிருக்கு. ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்."

சுண்டு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டான். "அப்ப போன மழைக்காலத்துல இருந்து நான் தொங்கினதெல்லாம் வீண்."

"எங்க தொங்கின?"

"கடை ஷட்டர் கம்பியில."

அக்கா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. சிரிப்பு வந்த வேகத்தில் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "நான் திரைக்கம்பியில... உங்க கோச்தான் காலைப் பிடிச்சு இழுத்தான்... கம்பியே கையோட வந்துடுச்சு" என்று திணறித் திணறிச் சொன்னாள். சுண்டு முதலில் விழித்தான். பிறகு அவனும் ஆரம்பித்தான். வெளியே வரிசையில் இருந்த பையன்கள், உள்ளே கிச்சுக்கிச்சு மூட்டிப் படம் எடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று பயந்துபோனார்கள்.

படம் பார்க்கும் டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசுகிறவர். பதினாலையும் பார்த்து முடித்துவிட்டுத் தம்பியை உள்ளே கூப்பிட்டார். அக்காவும் போய் ஓரமாக நின்றாள்.

"எலும்பை வச்சு வயசை நாள் கணக்கா சொல்ல முடியாது. ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் முன்ன பின்ன இருக்கும். ஆனா பதிமூணு பேருக்குக் குழப்பமே இல்ல. திறந்திருக்கு. ஒருத்தனுக்கு முழுசா மூடியாச்சு. அவனுக்குப் பதினாறுக்குள்ளன்னு நான் எழுத மாட்டேன்."

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றான் தம்பி, இடிந்துபோன குரலில். "மீசை."

"எந்த மீசை? ஒன்பதாம் நம்பரா? அவனுக்குத் திறந்துதானே இருக்கு. மீசை முந்திக்கிச்சு, அவ்வளவுதான். மூடினது பதினோராம் நம்பர்."

தம்பி பட்டியலைப் பார்த்தான். பதினொன்று யார் என்று இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அக்கா அவனை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். அங்கே வந்ததும் அவன் வெடித்தான்.

"பேரை மாத்திப் போட்டுட்ட! இருபத்தாறு வருஷம் வேலை பாத்து என்ன பிரயோஜனம்? சுண்டுவைப் பாத்தா பதினாறு தாண்டின மாதிரியா இருக்கு? பன்னெண்டுகூட இல்ல! உனக்குக் குள்ளமா இருந்தாலே வயசாயிடுச்சுன்னு அர்த்தமா?"

நடைபாதையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்குக் காது சிவந்தது. அவள் பதில் சொல்வதற்கு முன்னால் பெஞ்சிலிருந்து சுண்டு எழுந்து வந்தான்.

"சார், அக்கா ஒண்ணும் மாத்தல. எனக்குப் பத்தொன்பது. சர்டிபிகேட் என் தம்பியோடது. தப்புதான் சார்."

தம்பி அவனைப் பார்த்தான், பட்டியலைப் பார்த்தான், மீசையைப் பார்த்தான். மீசை அவசரமாகக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். தம்பி வாசலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போனான். அங்கே ஒரு சிமென்ட் பெஞ்சு இருந்தது. பெனால்டி அடிப்பதுபோல் மூன்று எட்டு பின்னால் போய், ஓடி வந்து, அதை உதைத்தான்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு பையன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். முகத்தில் வேர்த்துக் கொட்டியது.

"படம் எடுக்கணும்."

"யாருக்கு?"

"எனக்கு."

"மங்கலா எடுக்கவா, தெளிவா எடுக்கவா?" என்றாள் அக்கா.

கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு இரண்டாகப் போயிருந்தது. இடம் பெயரவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். முழங்காலுக்குக் கீழே கட்டுப் போட்டு, ஆறு வாரம் கால் தரையில் பட்டால் தெரியும் சேதி என்று சொல்லி அனுப்பினார்கள். போட்டிக்கு இருந்ததோ ஐந்து வாரம்.

தனியாக இருப்பவன் என்பதால் அக்கா அவனைத் தன் வீட்டு சோபாவில் கொண்டுவந்து போட்டாள். லிஃப்ட் மெக்கானிக் மச்சான் ஒரு பழைய நாற்காலியை அறுத்து, கால் வைத்துக்கொள்ள ஒரு மேடை செய்து கொடுத்தார். அதற்கு மேல் ஒருவராலும் அவனுக்கு உதவ முடியவில்லை. கட்டுக்குள்ளே அரித்தது. அக்காவின் ஸ்வெட்டர் ஊசியைத் திருடி உள்ளே விட்டான். ஊசி உள்ளேயே போய்விட்டது. அதை எடுக்க ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை. எலும்பு ஒட்டிவிட்டதா என்று நாலாம் நாளே படம் எடுக்கச் சொன்னான்.

"இப்ப அங்க வெறும் ரத்தக்கட்டுதான் இருக்கும். படத்துல என்ன தெரியும்?"

பத்தாம் நாள் மறுபடி கேட்டான். "இப்ப?"

"இப்ப ரத்தக்கட்டு கெட்டியாகிக் குருத்து மாதிரி ஆகிட்டிருக்கும். ரப்பர் மாதிரி. அதுவும் படத்துல விழாது."

"கொழந்தைக்கு இருக்கற மாதிரியா?"

"கிட்டத்தட்ட. உடைஞ்ச இடத்துல மட்டும் மறுபடியும் கொழந்தையாகி வளர்ந்து வரணும். மத்தபடி நீ என்னைக்கும் கொழந்தைதான்."

மூன்றாவது வாரம் வலி நின்றுவிட்டது என்று யாரும் பார்க்காதபோது எழுந்து நின்றான். அக்கா சமையலறையிலிருந்து வந்தபோது ஒரு கால் காற்றில், ஒரு கால் தரையில் என்று ஜன்னல் வரை போயிருந்தான். அவள் போட்ட சத்தத்தில் மேல்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அங்க இருக்கறது இன்னும் எலும்பு இல்லடா! வீடு கட்டறதுக்கு முன்னாடி அவசரத்துக்கு மறைச்சு வைக்கிற தட்டி! அதுல போய் சாய்ஞ்சா என்ன ஆகும்? உட்காரு!" அவன் உட்கார்ந்தான்.

மைதானத்தில் யார் பயிற்சி கொடுப்பது என்ற கேள்வி முதல் வாரமே வந்தது. மீசை தலைமையில் பையன்கள் வீட்டுக்கு வந்து, சுண்டுதான் சொல்லித் தருகிறான், அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அவனையே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "ஏமாத்துக்காரன்கிட்ட நான் பேச மாட்டேன்" என்றான். பேசமாட்டேன் என்றானே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சுண்டு தினமும் சாயங்காலம் ஒரு நோட்டோடு வந்து சோபாவுக்கு மூன்றடி தள்ளி நின்றான்.

"அக்கா, அவன்கிட்ட சொல்லு, பின்வரிசை பசங்க ரொம்ப முன்னாடி ஏறி வர்றாங்களாம்."

"நீ இங்க இருந்தே எப்படிப் பாத்த?"

"நேத்து மீசை சொன்னான். சொல்லு."

அக்கா திரும்பி, "ரொம்ப முன்னாடி ஏறி வர்றாங்களாம்" என்றாள்.

"சார்கிட்ட சொல்லுங்க, இன்னைக்குக் கயிறு கட்டி நிறுத்திப் பாத்தேன், சரியாயிடுச்சு" என்றான் சுண்டு.

"கயிறு கட்டி—"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. எவ்வளவு நீளக் கயிறுன்னு கேளு."

அக்கா இருவரையும் பார்த்துவிட்டு எழுந்து போய் டீ போட்டாள். அவள் திரும்பி வந்தபோது நோட்டு தம்பியின் மடியில் இருந்தது. அவன் பென்சிலால் அம்பு அம்பாகப் போட்டுக்கொண்டிருந்தான். சுண்டு சோபாவின் கைப்பிடியில் ஏறி உட்கார்ந்து, "அது வேலைக்காகாது சார், இவன் இடது காலால அடிக்கவே மாட்டான்" என்று மறுத்துக்கொண்டிருந்தான். அப்போதைக்கு அக்காவை ஒருவரும் மொழிபெயர்ப்புக்குக் கூப்பிடவில்லை.

போட்டி நாளன்று தம்பி இரண்டு ஊன்றுகோலோடு எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அக்கா லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாள். நடுவர் வந்தார். நேராக மீசையிடம் போய்க் கைகுலுக்கி, "வணக்கம் கோச், உங்க பசங்க எல்லாம் தயாரா?" என்று கேட்டார். மீசை அலங்க மலங்க விழித்தான். நடுவர் கீழே குனிந்து, விசிலும் நோட்டுமாக நின்ற சுண்டுவின் கன்னத்தைத் தட்டி, "தம்பி, மைதானத்துக்குள்ள வரக் கூடாது. அப்பா எங்க, அங்க போய் உட்காரு" என்றார்.

"சார், நான்தான் கோச். அவன் கோல்கீப்பர்" என்றான் சுண்டு.

நடுவர் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எதிரணியின் கோச் ஓடி வந்தார். இவனுக்குப் பதினாலா, இவனுக்குப் பிள்ளைகுட்டியே இருக்கும், ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்று குதித்தார். ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினார்கள். படத்தையும் காட்டினார்கள். அவர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, "இதுல என்ன தெரியுது? வெறும் கை" என்றார். அக்கா படத்தை வாங்கி நேராகத் திருப்பிக் கொடுத்தாள். "நுனியில கறுப்பா ஒரு இடைவெளி தெரியுதா? அவன் இன்னும் வளருவான்." அந்த ஆள் மீசையை ஒருமுறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இன்னுமா?" என்றார். அந்தக் குரலில் எதிர்ப்பைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது.

முதல் ஆட்டம் ஜெயித்தார்கள். இரண்டாவதும் ஜெயித்தார்கள். அரையிறுதியில் கடைசி நிமிடத்தில் ஒரு பந்து மீசையின் விரல் நுனியை உரசிக்கொண்டு உள்ளே போனது. இரண்டுக்கு ஒன்று. விசில் ஊதியதும் மீசை வலைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து, ஊர் கேட்க அழ ஆரம்பித்தான். மூக்கு ஒழுகியது. "அம்மா எங்க?" என்று கேட்டான். மைதானத்தின் மறுகோடியிலிருந்து அவன் அம்மா, ஐந்தடிகூட இல்லாத ஒரு பெண், ஓடி வந்து முந்தானையால் மீசையைத் துடைத்தாள். சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த எதிரணி கோச், "பதினாலுதான், பாவம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்தார்.

ஆறாவது வாரம் கட்டைப் பிரித்தார்கள். கெண்டைக்கால் கத்தரிக்காய்க் காம்பு மாதிரி வற்றிப்போயிருந்தது. அக்கா படம் எடுத்துத் திரையைக் காட்டினாள். உடைந்த இடத்தில் இப்போது கோடு இல்லை. வெள்ளையாக ஒரு முடிச்சு, கயிற்றில் போட்டமாதிரி, தடித்து நின்றது.

தம்பி அலறினான். "கோணலா ஒட்டிடுச்சு! இவ்வளவு பெரிசா வீங்கியிருக்கு!"

"கோணல் இல்ல. முதல்ல இப்படித்தான் அள்ளி அப்பி வைக்கும். அப்புறம் நீ நடக்க நடக்கத் தேவையில்லாததைச் செதுக்கி எடுத்துடும். வருஷம்கூட ஆகும். அதுக்கு அவசரமே கிடையாது."

"எனக்கு அவசரம் உண்டே."

"தெரியும். அதனாலதான் அது உன்னைக் கேட்டுச் செய்யறதில்ல."

டாக்டர், ஊன்றுகோலை விட்டுவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம் என்றார். சில வாரம் கழித்து மெதுவாக ஓடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த காகிதத்தைத் தம்பி பையில் போட்டு மறந்துவிடுவான் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் அவள் அதைச் சுண்டுவிடம் கொடுத்தாள்.

ஓட அனுமதி கிடைத்த முதல் நாள் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அக்கா மைதானத்து வேலிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திப் பார்த்தாள். உயரவாரியாகப் பையன்கள் வரிசை கட்டி மெதுவாக ஓடினார்கள். முன்னால் மீசை. கடைசியில், ஒரு காலைச் சற்று இழுத்தபடி, தம்பி. நடுவில் ஒரு பந்துப் பெட்டியின் மேல் ஏறி நின்று சுண்டு எண்ணிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று முடிந்தது. தம்பி மூன்றாவதுக்குத் திரும்பினான்.

சுண்டு விசிலை ஊதினான். "சார், போதும். உட்காருங்க."

"ஒண்ணே ஒண்ணு—"

"உட்காருங்க சார்."

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். அக்கா வேலிக்கு வெளியே நிற்பதைக் கவனிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே புல்லில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். அக்காவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. அவள் சைக்கிளில் ஏறி மிதித்தாள்.